பூட்டு உடையாத வீடுகள்

கல்யாணத்தன்று மாமனார் தன் சொந்தக்காரர்களிடம், "மாப்பிள்ளை புள்ளிவிவரத் துறையில இருக்கார்" என்று சொன்னதை, காது சரியாகக் கேட்காத ஒரு சித்தப்பா "மாப்பிள்ளை பெரும்புள்ளியாம்" என்று மண்டபம் முழுக்கப் பரப்பிவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் புள்ளி. மைத்துனன் வாய் நிறைய "புள்ளி அத்தான்" என்று கூப்பிடுவான். மனைவிக்குக் கோபம் வரும்போது மட்டும் அந்தப் பெயர் ஞாபகம் வரும். மாமனார் முகத்துக்கு நேரே "மாப்பிள்ளை" என்பார். கடைக்கு வருகிறவர்களிடம் "நம்ம புள்ளி வீட்டுல கூட இந்தப் பூட்டுதான்" என்பார்.

மாமனார் வைத்திருந்தது பூட்டுக் கடை. ஆணியில் தொங்கும் சின்னப் பூட்டிலிருந்து, விரலை வைத்தால் திறக்கும் மின்பூட்டு வரை எல்லாம் அங்கே உண்டு. ஆனாலும் அவர் ஆசையாக எடுத்துக் காட்டுவது கதவுக்குள் பதிக்கிற ஒரு பித்தளைப் பூட்டைத்தான். விலை மட்டு, கையில் எடுத்தால் நல்ல கனம். "இதைத் திறக்கற வேற பூட்டுச் சாவி உலகத்துல எங்க தேடினாலும் கிடைக்காதுங்க" என்று சொல்லி, சாவியை வாங்குகிறவரின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களைத் தானே மடக்கிவிடுவார். பாதி வியாபாரம் அதிலேயே முடிந்துவிடும்.

புள்ளியின் அலுவலகம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. நாட்டிலுள்ள காவல் நிலையங்கள் எல்லாம் எத்தனை கொலை, எத்தனை வழிப்பறி, எத்தனை வீடு புகுந்த திருட்டு என்று எழுதி அனுப்புவதைக் கூட்டி, வருடத்துக்கு ஒரு தடிமனான புத்தகமாகப் போடுகிற இடம் அது. அந்த வருடம் கூடுதலாக ஒரு வேலை வந்து சேர்ந்திருந்தது. கடந்த நாற்பது வருடங்களில் நாட்டில் குற்றம் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று ஒரு தனிப் புத்தகம். அமைச்சர் கையால் வெளியீடு. இயக்குநர் அதைப் புள்ளியின் தலையில் கட்டியிருந்தார்.

கோடுகள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. முதல் பாதியில் ஏறி, ஒரு மேட்டில் நின்று மூச்சு வாங்கி, பிறகு நிதானமாக இறங்கின. ஏறினது ஏன் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் காலத்தில்தான் புதுப்புது நிலையங்கள் திறந்தார்கள். வீட்டுக்கு வீடு தொலைபேசி வந்தது. காவல் நிலையத்துத் தாள் இல்லாமல் காப்பீட்டுக்காரர்கள் காசு தர மாட்டோம் என்றார்கள். திருடர்கள் பெருகினார்களோ இல்லையோ, எழுதிக் கொடுக்கிறவர்கள் பெருகினார்கள்.

இறங்கினதுதான் அவனுக்கு நெருடியது. கொலை குறைந்திருக்கிறது என்றால் நம்பலாம். பிணத்தை மறைத்துக் கணக்குக் காட்டுவது கஷ்டம். வண்டித் திருட்டும் அப்படியே. ஆனால் வீடு புகுந்த திருட்டு மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு சரிந்திருந்தது. அதே வருடங்களில், யாரும் புரட்டிப் பார்க்காத ஒரு பின்பக்க அட்டவணையில், 'பொருள் காணவில்லை' என்று நிலையங்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டுகள் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போயிருந்தன.

இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் போட்டு இயக்குநரிடம் எடுத்துப் போனான்.

"இது எதுக்குப்பா நடுவுல?" என்றார் அவர், மேலே ஏறுகிற கோட்டை விரலால் தட்டி.

"திருட்டு இறங்க இறங்க, காணாம போறது ஏறுது சார். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு..."

"காணாம போறது குற்றம் இல்லப்பா. மறதி."

"நாடு முழுக்கவா சார் மறதி?"

"வீட்டுல சாமான் கூடினா மறதியும் கூடும். என் மூக்குக் கண்ணாடியையே நான் தினமும் தேடறேன். அதையும் திருட்டுல சேர்ப்பியா?" அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அமைச்சர் நல்ல சேதி சொல்ல வர்றார். நீ அவர் வாயில மண்ணள்ளிப் போடாத."

மாமனாரோ நேர் எதிர். அவருக்கு எல்லாக் கோடுமே பொய்க் கோடுதான். விடுமுறை நாளில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், "திருட்டு குறைஞ்சிடுச்சுன்னு சொல்றீங்களே மாப்பிள்ளை, அப்ப என் கடையில ஏன் நிக்க இடமில்ல?" என்று ஆரம்பிப்பார்.

"நீங்க நல்ல பூட்டு விக்கறதாலதான் மாமா குறையுது" என்று புள்ளி ஒரு போடு போடுவான். மாமனாருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆனாலும் விட மாட்டார். "உங்க ஆபீஸ் கணக்கை எழுதறது யாரு? போலீஸ்காரன். கடைக்காரன் கணக்கைக் கடைக்காரனே எழுதினா வருமானவரிக்காரன் நம்புவானா?" புள்ளி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நழுவுவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் மாமனார் வீட்டு வாசலில் வந்து நின்றார். மகளைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து கடை திறக்கும் நேரத்தில் அவர் வேறெங்கும் போனதாகச் சரித்திரமே கிடையாது.

"உட்காருங்கப்பா, டீ போடறேன்" என்றாள் மனைவி.

"வேண்டாம்மா. கடைப் பின்கதவுச் சாவி ஒண்ணு உங்கிட்ட குடுத்து வச்சிருந்தேனே, அவசரத்துக்கு. அதை எடு. அதைப் பார்த்து இன்னொண்ணு அடிக்கணும்."

சமையலறை ஆணியில் மாட்டியிருந்த சாவியை மனைவி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பல்லைப் பல்லாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றி ஒரு பார்வை. மேசையில் இருந்த மடிக்கணினியில் அந்தப் பார்வை போய் நின்றது.

"இது புதுசா மாப்பிள்ளை?"

"ஆபீஸ்ல குடுத்தது மாமா. புத்தக வேலைக்கு."

"ஓ... ஆபீஸ்ல." அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

புள்ளிக்கு மூக்கு வியர்த்தது. சாவி அடிக்கிற கடையே அவருடையது. மூலச் சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது. மாதிரி பார்ப்பதற்கு மகள் வீட்டுச் சாவி எதற்கு?

"உங்கப்பா என்னைப் பார்த்த பார்வை சரியில்ல" என்றான்.

"எங்கப்பா எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பார். பூட்டுக் கடைக்காரர் கண்ணு" என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் குரல் இழுத்தது.

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து நேரே கடைக்குப் போனான். மின்பூட்டுகள் அடுக்கியிருக்கும் கண்ணாடி அலமாரிக்கு உள்பக்கமாகப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. மாமனார் கடையில் இல்லை. மைத்துனன் கல்லாவில் உட்கார்ந்து, துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, அலமாரியை மூடி வச்சிருக்கீங்க?"

"பெயிண்ட் அடிக்கணும் அத்தான்."

"உள்ள சரக்கு?"

"வெளியூருக்கு அனுப்பிட்டோம்."

"மொத்தமாவா?"

மைத்துனன் துணியைக் கீழே வைத்தான். கண் கலங்கியிருந்தது. "அத்தான், யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருக்கார். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. போன வாரம் கடையில திருட்டு. மின்பூட்டு ஒண்ணு விடாம போச்சு. கல்லாவும் காலி. பின்கதவைத் திறந்து வந்து, எடுத்துட்டு, திரும்பப் பூட்டிட்டுப் போயிருக்கான். ஒரு கீறல் கிடையாது."

"போலீஸ்?"

"பூட்டுக் கடையிலயே திருட்டுன்னு வெளிய தெரிஞ்சா எவன் நம்மகிட்ட பூட்டு வாங்குவான்னு கேட்கறார். ஆனா அது மட்டும் காரணம் இல்ல அத்தான்." அவன் குரலைத் தணித்தான். "சாவி மொத்தம் மூணு பேர்கிட்டதான். அவர்கிட்ட, என்கிட்ட, அக்கா வீட்டுல. தனிக்கடை வைக்கட்டுமான்னு நான் அவரைக் கேட்டிருந்தேன், ஞாபகம் இருக்கா? அதிலேர்ந்து... என்னைத்தான் சந்தேகப்படறார். ரெண்டு நாளா என்கூட உட்கார்ந்து சாப்பிடறதில்ல."

"உன்னை மட்டுமா? காலையில என் வீட்டுக்கு வந்து ஆபீஸ் கம்ப்யூட்டரை முறைச்சுட்டுப் போனார்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மைத்துனனுக்குத் தனிக்கடை ஆசை இருப்பது நிஜம்தானே என்று புள்ளியின் மனதில் ஓடியது. அவன் மனதில் தன்னைப் பற்றி என்ன ஓடுகிறதோ என்றும் ஓடியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, சமையலறை ஆணியில் தொங்கின சாவியை எடுக்கக்கூடியவர்கள் யார் யார் என்று தன் வீட்டையே துழாவிக்கொண்டு வந்தான். அடுக்குமாடியில் குழாய் பழுது பார்க்க வந்தவர், மாடி வீட்டுக்காரர், மனைவியின் தோழி... கடைசியில் மனைவியிடமே வந்து நின்றான். தன் புத்தி போகிற போக்கைப் பார்த்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

மறுநாள் மைத்துனனைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனான். மாமனாருக்குத் தெரியாமல்தான். கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லையே என்று இருவரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

நிலைய எழுத்தர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொல்லி, விசிறியைத் திருப்பி வைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பூட்டு உடைஞ்சிருக்கா?"

"இல்ல."

"கதவு, ஜன்னல், கூரை?"

"எதுவும் இல்ல."

எழுத்தர் பேனாவை மூடினார். "அப்ப இது வீட்டு விஷயம் தம்பி. சாவி வச்சிருக்கிறவங்க வேலை. வழக்குப் போட்டா நாளைக்கு உங்க வீட்டு ஆளையே நான் வேன்ல ஏத்தணும். அப்புறம் நீங்களே வந்து வாபஸ் வாங்குவீங்க. எத்தனை பார்த்திருக்கேன்! வேணும்னா 'பொருள் காணவில்லை'ன்னு ஒரு சீட்டுப் போட்டுத் தரேன்."

புள்ளிக்குச் சுரீர் என்றது. வருடக்கணக்காகத் தான் எண்களாக மட்டுமே பார்த்து வந்த அந்தப் பின்பக்க அட்டவணை, ஒரு பேனாவோடும் விசிறியோடும் எதிரே உட்கார்ந்திருந்தது.

"இந்த மாதிரி நிறைய பேர் வர்றாங்களா?"

"இப்பல்லாம் இதுதான் அதிகம். முந்தி உடைச்சுட்டு வருவான். இப்ப கதவெல்லாம் பலமாச்சு. அதனால வீட்டுக்குள்ளயே கை வைக்கிறாங்க."

"வர்றவங்க யாரைச் சந்தேகப்படறாங்க?"

"அவங்கவங்க ஆளைத்தான். ஒருத்தருக்கு மருமகள், ஒருத்தருக்குத் தம்பி, ஒருத்தருக்கு வேலை செய்யற அம்மா. 'வீட்டுல உட்கார்ந்து பேசிட்டு வாங்க'ன்னு அனுப்பிடுவோம். முக்கால்வாசிப் பேர் திரும்பி வர்றதில்ல. அதுலேர்ந்தே தெரியலையா?" எழுத்தர் எழுந்தார். "உங்க மாமனார் கடைப் பூட்டு மேல எல்லாம் குத்தம் சொல்ல முடியாதுங்க. இந்தப் பக்கம் பாதி வீட்டுல அதுதான். என் வீட்டுலயும் அந்தப் பித்தளைப் பூட்டுதான்."

வாசலுக்கு வந்ததும் மைத்துனன், "பார்த்தீங்களா, அவரும் நம்மளைத்தான் சொல்றார்" என்றான். புள்ளி மனதுக்குள் கணக்குப் போட்டான். ஒரு வீட்டில் மருமகள் கெட்டவளாக இருக்கலாம். இன்னொரு வீட்டில் தம்பி கெட்டவனாக இருக்கலாம். ஒரே ஊரில், ஒரே சமயத்தில், இத்தனை வீட்டிலும் சொந்தக்காரர்கள் கெட்டுப்போவார்களா? எண்ணிக்கை பார்த்தே பழகின அவன் மூளைக்கு அது ஒத்துவரவில்லை.

"உங்கப்பா அந்தப் பின்கதவுப் பூட்டை என்ன பண்ணினார்?"

"அதுவும் நம்ம பித்தளைப் பூட்டுதான். கழட்டி மேசை இழுப்பறையில வச்சிருக்கார். இப்ப வேற போட்டிருக்கு."

"நாளைக்குக் கடை லீவுதானே? சாப்பிட்டுட்டு வரேன். உங்கப்பாவையும் இருக்கச் சொல்லு."

விடுமுறை நாள் மத்தியானம் மூன்று பேரும் கடைக்குள் உட்கார்ந்தார்கள். இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருந்தார்கள். மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. விஷயம் வெளியே வந்துவிட்டது என்று தெரிந்ததும் மகனை ஒரு முறை முறைத்ததோடு சரி.

"மாமா, ஒண்ணு கேட்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பித்தளைப் பூட்டை வேற பூட்டுச் சாவி திறக்காதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"கம்பெனிக்காரன் சொன்னான். அட்டையிலயே போட்டிருக்கே."

"நீங்க போட்டுப் பார்த்திருக்கீங்களா?"

மாமனாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன மாப்பிள்ளை பேசறீங்க? இத்தனை வருஷ வியாபாரம். நான் என்ன விக்கறேன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா. ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். இல்லைன்னு ஆச்சுன்னா நான் வாயை மூடிக்கறேன்."

இழுப்பறையிலிருந்து பழைய பூட்டு வந்தது. அலமாரியிலிருந்து புதுப் பெட்டிகள் இறங்கின. மைத்துனன் பெட்டியைப் பிரித்துச் சாவியை எடுத்துக் கொடுக்க, புள்ளி போட்டுப் பார்க்க, மாமனார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்று உள்ளேயே போகவில்லை. ஒன்று போயிற்று, திரும்பவில்லை. ஒன்று பாதி வரை திரும்பி முறுக்கிக்கொண்டது. மாமனார் கனைத்தார். மேசையில் சாவிகள் குவிந்தன. விரலெல்லாம் பித்தளை வாடை.

"போதும் மாப்பிள்ளை. எல்லாத்தையும் திரும்ப அந்தந்தப் பெட்டியில போட நாளைக்கு எனக்குத்தான் உயிர் போகும்."

"இந்த அடுக்கு முடியட்டும் மாமா."

அடுக்கு முடியவில்லை. அதற்குள் ஒரு சாவி வழுக்கிக்கொண்டு உள்ளே போய், தன் வீட்டுக் கதவைத் திறக்கிற மாதிரி சாதாரணமாகத் திரும்பியது. பூட்டின் நாக்கு 'டக்'கென்று உள்வாங்கியது.

மாமனார் எழுந்து வந்து, புள்ளியின் கையிலிருந்து பூட்டைப் பிடுங்கி, தானே திருப்பினார். திறந்தது. பூட்டினார். திறந்தது. சாவியை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டார். திறந்தது.

"இன்னும் எடு" என்றார் மகனிடம். குரல் அவருடையதாக இல்லை.

மேல் அடுக்கிலிருந்து இன்னொரு சாவியும் சேர்ந்தது. கம்பெனிக்காரன் சில விதச் சாவிகளையே மாற்றி மாற்றி அடித்து, பூட்டு மேல் பூட்டாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். மாமனார் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என்னை முறைச்சீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்ப்பா?" என்றான் மைத்துனன். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது உடைந்து வந்தது. "ஒரு வாய்ச் சோறு நிம்மதியா சாப்பிட விட்டீங்களா?"

மாமனார் மேசையிலிருந்த சாவிகளைக் கையால் ஒதுக்கினார். "இது வெளிய போச்சுன்னா கடையை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். "சத்தமில்லாம சரக்கை மாத்திடுவோம். இனிமே வேற கம்பெனி."

"வித்துப் போனது மாமா?"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"ஸ்டேஷன்ல ஒவ்வொருத்தரா வந்து சீட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க. பூட்டு உடையல, அதனால வீட்டு ஆள்தான்னு. நீங்க இந்த ஒரு வாரம் எப்படி இருந்தீங்களோ, அப்படித்தான் ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தர் உட்கார்ந்து மகனையும் மருமகனையும் முறைச்சுட்டு இருப்பார். அவங்களுக்கு யார் சொல்றது?"

'மருமகன்' என்ற சொல்லில் மாமனார் தலை நிமிர்ந்தது. புள்ளியின் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே சாவிக் குவியலுக்குப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலையில் அவரே சட்டை மாற்றிக்கொண்டு, பூட்டையும் இரண்டு அந்நியச் சாவிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மகனோடும் மருமகனோடும் நிலையத்துக்குக் கிளம்பினார்.

எழுத்தர் முதலில் சிரித்தார். பிறகு தானே திருப்பிப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டு, "கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட்டுக்கோ, காரணம் வந்து சொல்றேன்" என்றார். அன்றைக்கு மாமனாரின் புகார் 'பொருள் காணவில்லை' என்று எழுதப்படவில்லை. திருட்டு என்றே எழுதினார்கள்.

அதற்கப்புறம் காரியங்கள் வேகமாக நடந்தன. சீட்டு வாங்கிப் போனவர்களை நிலையத்திலிருந்தே கூப்பிட்டு விசாரித்தார்கள். பெரும்பாலான வீடுகளில் அதே பித்தளைப் பூட்டு. சில வீடுகளில் வேறு பூட்டு. அங்கே நிஜமாகவே பொருள் தொலைந்ததோ, வீட்டு ஆள்தானோ, யாருக்குத் தெரியும்? பக்கத்து ஊரில் மின்பூட்டுகளைப் பாதி விலைக்கு விற்க முயன்ற ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. அவன் பரம்பரைத் திருடன் ஒன்றும் இல்லை. அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தவன். ஒரு நாள் அசதியில் மாடி மாறிப் போய், வேறொருவர் வீட்டுக் கதவில் தன் சாவியைப் போட்டிருக்கிறான். திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கி வர வேண்டியவன், கதவை மூடிக்கொண்டு உள்ளே போனான். அப்புறம் கடை கடையாக அதே பூட்டை வாங்கிச் சாவிகளைச் சேர்க்க ஆரம்பித்தான். மாமனார் கடையிலேயே வாங்கியிருக்கிறான். மாமனார் அவன் விரல்களையும் மடக்கிவிட்டிருக்க வேண்டும்.

அந்த ஊரின் திருட்டு எண்ணிக்கை ஒரே மூச்சில் மேலே போயிற்று. ஒரு பத்திரிகை 'பெருகும் கொள்ளை' என்று பெரிய எழுத்தில் போட்டது. இயக்குநர் புள்ளியைக் கூப்பிட்டார்.

"உங்க மாமனார் புண்ணியத்துல ஒரு ஊரே திருட்டு ஊராயிடுச்சு."

"திருட்டு முன்னாடியே நடந்ததுதான் சார். இப்பதான் எழுதியிருக்காங்க."

"அதை அமைச்சர்கிட்ட யார் சொல்றது? நீயா?"

"ஊருக்கு ஊர் பூட்டுதான் காரணம்னு நான் சொல்லல சார். ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணு இருக்கும். இறங்கற கோட்டுப் பக்கத்துல ஏறற கோட்டையும் போடுங்க, அவ்வளவுதான். படிக்கிறவங்க பார்த்துக்கட்டும்."

இழுபறியில் ஒரு வழியாக அது புத்தகத்தில் ஏறியது. முகப்பில் இல்லை, கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், அடிக்குறிப்பாக. வெளியீட்டு விழாவில் அமைச்சர் இறங்குகிற கோட்டைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். புள்ளியும் தட்டினான். அந்தக் கோடு முழுப் பொய் என்றும் அவனால் சொல்ல முடியாது. எவ்வளவு நிஜம் என்றுதான் தெரியவில்லை.

மாமனார் கடையை மூடவில்லை. வியாபாரம் படுத்துத்தான் போயிற்று. ஆனால் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பழைய ரசீதுகளைத் தேடி, அக்கம்பக்கத்தில் விசாரித்து, பித்தளைப் பூட்டு வாங்கின வீடுகளுக்கெல்லாம் போய், காசு வாங்காமல் வேறு பூட்டு மாட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். மைத்துனன் முதல் இரண்டு வாரம் கூட வந்தான். பிறகு, "கடையை யார் பார்க்கிறது?" என்று நின்றுகொண்டான். சாப்பாட்டு மேசையில் அப்பாவும் பிள்ளையும் திரும்பவும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பேச்சுதான் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. அதனால் விடுமுறை நாட்களில் பை தூக்குவது புள்ளியின் வேலையாயிற்று.

அப்படித்தான் ஒரு நாள் காலையில் ஒரு தையல்காரம்மா வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது மாடி. அறை முழுக்கத் துணி வெட்டுகள், ஜன்னலோரம் ஒரு தையல் இயந்திரம். சுவரோரம் இன்னொரு இயந்திரம் உறை போட்டு மூடியிருந்தது.

"தோடும் சங்கிலியும் போச்சு" என்றார் அந்த அம்மா, நூலைப் பல்லால் கடித்தபடி. "என் தங்கச்சிதான் எடுத்தா. கூடவே இருந்து தைச்சுட்டிருந்தா. அனுப்பிட்டேன்."

"இல்லம்மா" என்றார் மாமனார். கதவில் குந்தி உட்கார்ந்து பழைய பூட்டின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். "திருடன் பிடிபட்டுட்டான். இந்தத் தெருவுல இந்த வீட்டையும் சொல்லியிருக்கான். ஸ்டேஷன்ல சொன்னாங்க."

"ஸ்டேஷன்ல நாலு அடி போட்டா எவனும் எதையும் ஒத்துப்பான். எனக்கு என் தங்கச்சியைத் தெரியாதா?"

மாமனார் புள்ளியைப் பார்த்தார். திருடன் ஒத்துக்கொண்டவை எல்லாம் அவன் செய்தவைதானா, நிலையத்துக்காரர்கள் கிடைத்த ஆளின் தலையில் பழைய கணக்கையும் சேர்த்துக் கட்டினார்களா என்று புள்ளிக்கே ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்தது. "சாவி சேர்ந்ததும்மா" என்று மட்டும் சொன்னான்.

"சாவி சேர்ந்தா? தங்கச்சிகிட்டயும்தான் சாவி இருந்தது." அந்த அம்மா இயந்திரத்தை வேகமாக மிதித்தார். துணி கோணலாக ஓடியது. நிறுத்திப் பிரித்தார்.

மாமனார் புதுப் பூட்டைக் கதவில் பொருத்தினார். பிறகு தலையைத் தூக்காமலே, "மாப்பிள்ளை, திருகாணி ஒண்ணு குறையுது. கீழ வண்டிப் பெட்டியில இருக்கும். எடுத்துட்டு வாங்களேன்" என்றார்.

பையில் திருகாணிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்ததைப் புள்ளி பார்த்திருந்தான். என்னை எதற்கு வெளியே அனுப்புகிறார்? ஒன்றும் கேட்காமல் இறங்கினான். வண்டிப் பெட்டியைத் திறந்து, பேருக்கு ஒரு திருகாணியை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படி ஏறினான். மேலே திரும்புகிற இடத்தில் குரல்கள் கேட்டன.

"...சொந்தப் பையனைக் கூட ஒரு பேச்சுல சமாளிச்சுடலாம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார் மாமனார். "மாப்பிள்ளை வீட்டுக்கே போய், திருட்டுச் சாமான் இருக்கான்னு கண்ணால துழாவிட்டு வந்தேன். என் பொண்ணு டீ போடறேன்னா. அந்த வீட்டுல ஒரு வாய் குடிக்க எனக்குப் பிடிக்கல. அவ்வளவு தூரம் போயிட்டேன்."

கத்தரிக்கோலை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப அவகிட்ட போய் என்னன்னு சொல்றது?" என்றார் தையல்காரம்மா. குரலில் முறுக்கு தளர்ந்திருந்தது.

"எனக்கும் தெரியலம்மா. நானே இன்னும் மாப்பிள்ளைகிட்ட சொல்லல."

புள்ளி திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே நின்றான். மேலே இயந்திரம் ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான்கு படி கீழே இறங்கி, செருப்பை அழுத்தி அழுத்திச் சத்தம் போட்டபடி ஏறிப் போனான்.

"கிடைச்சுதா மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"கிடைச்சுது மாமா" என்று நீட்டினான். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பூட்டிக் காட்டுவதற்காகக் கதவை இழுத்தார்.